கறவை மாட்டின் குளம்பைக் கவனியுங்கள்

நன்றாகக் கறந்து வந்த பசு திடீரென்று பால் குறைந்து, பின்னங்காலைத் தாங்கி நடந்தால் பலர் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவுகிறார்கள். குணமாகாவிட்டால் அடிமாட்டு விலைக்குத் தள்ளி விடுகிறார்கள். அதற்கு முன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது நலம்.

காரணம் என்ன?

மாட்டின் குளம்பு மாதத்துக்குச் சுமார் அரை செ.மீ. வளரும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டுக்கு நடையிலேயே தேய்ந்து விடும். கொட்டகையில் கட்டியே வளர்க்கும் கலப்பினப் பசுவுக்கு அவ்வளவு தேய்வதில்லை. நுனி நீண்டு விட்டால் உடல் பாரம் குதிப்பக்கம் சாய்கிறது. பின்னங்காலில் வெளிப்பக்கக் குளம்பு அதிகம் வளர்வதால், பெரும்பாலும் அதில்தான் புண் உண்டாகிறது.

சீவும் முறை

ஆண்டுக்கு இரு முறை சீவ வேண்டும். பால் வற்றும் சமயம் ஏற்றது. மாட்டை வீழ்த்தாமல், நிற்க வைத்தே காலைத் தூக்கிக் கட்டலாம். ஈரத்தில் ஊறிய குளம்பு எளிதில் வெட்ட வரும்.

முதலில் உட்பக்கக் குளம்பு. முன்புறம் மயிர் முடியும் இடத்திலிருந்து நுனி வரை 7.5 செ.மீ. விட்டு, மிகுதியை வெட்டவும். அதன் குதியைத் தொட வேண்டாம். பிறகு வெளிப்பக்கக் குளம்பை அதே மட்டத்துக்குச் சீவவும். அடிப்பாகம் கட்டை விரலுக்கு அமுங்கினாலோ, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ உடனே நிறுத்தி விட வேண்டும். லாடம் அடிப்பவரைக் கொண்டு செய்தாலும் இந்த அளவைச் சொல்லி விடுங்கள்.

புண் வந்து விட்டால்

காலின் இரு குளம்புகளில் நல்ல குளம்பின் அடியில் மரக்கட்டை ஒட்டினால் பாரம் அதில் இறங்கும். புண்பட்டது தரையில் படாமல் ஆறும். இதைக் கால்நடை மருத்துவரைக் கொண்டே செய்ய வேண்டும். சில வாரங்களில் கட்டையை எடுத்து விட வேண்டும்.

காலோடு வாயிலும் புண் கண்டு எச்சில் ஒழுகினால் அது கோமாரியாக இருக்கலாம். குளம்பில் கத்தி வைக்காமல், மாட்டைத் தனியே கட்டி, கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

வராமல் தடுக்க

விருந்தில் மீந்த சோற்றையும் கஞ்சியையும் ஒரே வேளையில் கொட்டாதீர்கள். வயிற்றில் புளிப்பு மிகுந்து, குளம்பின் உட்பகுதியும் வீங்கும். சாணம், மூத்திரம் தேங்காமல் தரையை உலர்வாக வைத்திருங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் மயில்துத்தம் கரைத்து, கழுவிய குளம்பை அவ்வப்போது அதில் நனைக்கலாம். அந்த நீரை மாடோ ஆடோ குடிக்க விடக் கூடாது. ஆட்டுக்கு அது கொடிய நஞ்சு.

நொண்டிய பின் செய்யும் வைத்தியத்தை விட, நொண்டும் முன் சீவும் குளம்பே பாலையும் பசுவையும் காக்கும்.