பாரம் இழுக்கும் என்ஜினுக்கு ஆயில் கூலர் தேவையா?

கரும்பு அரவைப் பருவத்தில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. வெட்டிய கரும்பு 24 மணி நேரத்திற்குள் அரவைக்குப் போகாவிட்டால் எடையும் குறையும். சர்க்கரைக் கட்டுமானமும் குறையும். ஆகவே பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் பகலிலும் இரவிலும் ஓடுகிறது. உழவில் படாத பாட்டை என்ஜின் இந்தச் சில மாதங்களில் படுகிறது. நடுவழியில் என்ஜின் பிடித்துக்கொண்டால் கரும்பும் காயும், கடன் தவணையும் நிற்கும். இதைத் தவிர்க்க ஆயில் கூலர் ஒன்றைத் தனியாகப் பொருத்திக்கொள்ளலாமா என்று பலரும் யோசிப்பதுண்டு. டிரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டிக்கும் இதே கேள்விதான். பொருத்தலாம். ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் செய்ய வேண்டியது அல்ல.

ஆயில் ஏன் சூடேறுகிறது?

டீசல் எரிந்து உண்டாகும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மீதமுள்ளதெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. ஒரு பகுதியை ரேடியேட்டர் நீர் எடுத்துச் செல்கிறது. நீர் எட்டாத பிஸ்டனின் அடிப்பாகம், கிராங்க் பேரிங், டர்போ ஆகியவற்றின் சூட்டை என்ஜின் ஆயில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மசகாக இருப்பதோடு குளிர்விக்கும் வேலையும் ஆயிலுடையதே.

காலியாகப் போகும் வண்டியில் ஆயில் வாங்கும் சூட்டை, அடியில் உள்ள சம்ப்பின் மேல் வீசும் காற்றே தணித்துவிடும். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது டீசல் அதிகம் எரிகிறது; வண்டியோ மெதுவாகப் போகிறது. சூடு கூடி, காற்று குறைகிறது. சித்திரை வெயிலில் வீசும் காற்றே 40 டிகிரி சென்டிகிரேட் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பாரத்தில் ஓடும் என்ஜினில் ஆயிலின் வெப்பம் 90 முதல் 110 டிகிரி வரை இருப்பது இயல்பு. 120 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை தேவை. 130 டிகிரியில் தொடர்ந்து ஓடுவது கேடு. சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப்போகிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள மெல்லிய படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. அதிக சூட்டில் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் சுமார் இரண்டு மடங்காகிறது என்பது தோராயக் கணக்கு. அப்படியானால் 250 மணி நேரம் வர வேண்டிய ஆயில் அதற்கு வெகு முன்பே கருகிக் குழம்பாகிவிடும்.

நீரின் சூட்டைக் காட்டும் மீட்டரை நம்பி இருந்துவிடக் கூடாது. முள் நடுவில் நிற்கும்போதே ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கலாம். நீண்ட மேடு ஏறி வந்து வண்டியை நிறுத்தி, என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் அது கடைசி எச்சரிக்கை. அழுத்தம் மிகவும் குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஆயில் சூடேறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கூலர் இல்லாதது அல்ல. கரும்புச் சோகையும் தூசும் ரேடியேட்டரின் கண்களை அடைத்திருக்கும். தினமும் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதிக அழுத்தத்தில் நீரைக் கிட்டத்தில் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டிரெய்லரின் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா, டயரில் காற்று குறைவா என்றும் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் உப்பான போர்வெல் நீரை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். கூலண்டை வடிநீரோடு, தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலந்து ஊற்றுவதே சரி. சூடு தணியட்டும் என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது தவறு.

ஆயிலைத் தயாரிப்பாளர் குறித்த தரத்தில்தான் ஊற்ற வேண்டும். டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டியதில்லை. டீசலோ நீரோ ஆயிலில் கலந்திருக்கிறது என்று பொருள். ஓட்டும் முறையும் முக்கியம். மேட்டில் பெரிய கியரில் என்ஜினைத் திணற விடாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டினால் ஃபேனும் ஆயில் பம்பும் வேகமாகச் சுற்றும், சூடு தணியும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு ஆயில் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். 110 டிகிரிக்குள் நின்றால் கூலர் வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப 120 டிகிரியைத் தாண்டினால் கூலர் பயன் தரும்.

கூலரில் இரண்டு வகை

ஒன்று, ரேடியேட்டர் நீரைக் கொண்டு ஆயிலைக் குளிர்விப்பது. இன்றைய டீசல் என்ஜின்கள் பலவற்றில் இது தொழிற்சாலையிலேயே அமைந்திருக்கிறது. இதன் வழிகள் குறுகலானவை. நீரில் கசடு இருந்தால் அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை பெரிய பிக்கப் வண்டிகளில் வந்த ஒரு டீசல் என்ஜினில் இந்த அடைப்பு பெரும் தொல்லையாக இருந்தது. நீருக்கும் ஆயிலுக்கும் இடையே வெப்ப வேறுபாடு 8 டிகிரியைத் தாண்டினால் கூலர் அடைத்திருக்கிறது என்று அந்த என்ஜினுக்கு மெக்கானிக்குகள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

மற்றொன்று, சிறிய ரேடியேட்டர் போல முன்புறம் நின்று காற்றால் குளிர்விப்பது. பின்னால் சேர்த்துப் பொருத்துவது பெரும்பாலும் இந்த வகையே. சில டிராக்டர்களில் ஏற்கெனவே இப்படி ஒன்று இருக்கும். அது ஹைட்ராலிக் எண்ணெய்க்கோ பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க்கோ உரியதாக இருக்கலாம். என்ஜின் ஆயிலுக்கு உரியதென்று எண்ணி ஏமாறக் கூடாது.

பொருத்தும் முறை

ஆயில் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஓர் இடைத்தட்டைப் பொருத்தி, அதிலிருந்து இரண்டு குழாய்களில் ஆயிலைக் கூலருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். தட்டின் மரை ஃபில்டரின் மரையோடு சரியாகப் பொருந்த வேண்டும். சுமார் 80 முதல் 90 டிகிரியில் திறக்கும் வால்வு உள்ள தட்டையே வாங்க வேண்டும். ஆயில் எப்போதும் குளிர்ந்தே இருந்தாலும் கெடுதல்தான். அதில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகத் தங்கிவிடும்.

கூலர் ரேடியேட்டரை முழுவதும் மறைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் வேண்டும். குழாய் வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் மேலே காற்று தங்கிவிடும். வாய்கள் மேற்புறமோ பக்கவாட்டிலோ இருப்பது நல்லது.

குழாயில்தான் ஆபத்து இருக்கிறது. டீசல் டியூப்பையோ தண்ணீர் டியூப்பையோ கிளிப் போட்டு இறுக்கக் கூடாது. சூடான ஆயிலையும் அழுத்தத்தையும் தாங்கும், முனைகள் இயந்திரத்தில் அழுத்திப் பிடிக்கப்பட்ட குழாயே வேண்டும். சைலன்சர், பெல்ட் ஆகியவற்றில் உரசாமல், என்ஜின் அதிர்வுக்குச் சற்றுத் தளர்ச்சி விட்டுக் கட்ட வேண்டும். குழாய் வெடித்தால் ஆயில் முழுவதும் சிறிது நேரத்தில் ரோட்டில் கொட்டிவிடும். சூடு ஒரு பருவத்தில் செய்யும் கேட்டை இது சில நிமிடங்களில் செய்துவிடும்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கூலரைப் பொருத்தவே கூடாது. பேரிங் தேய்ந்த வண்டியிலிருந்து வந்ததானால் உள்ளே உலோகத்தூள் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது.

பொருத்தியதும் டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பிறகு என்ஜினை ஓடவிட்டு, கசிவு பார்த்து, நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்துக் குறைந்த ஆயிலை ஊற்ற வேண்டும். வண்டிக்கு உத்தரவாதக் காலம் இருந்தால் முன்கூட்டியே டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கூலர் வந்துவிட்டது என்று பாரத்தைக் கூட்டக் கூடாது. கூலர் ஆயிலைக் காக்கும். கிளட்ச்சையோ பிரேக்கையோ காக்காது. இறக்கத்தில் டிரெய்லர் தள்ளும்போது வண்டியை நிறுத்துவது பிரேக்தான். டர்போ உள்ள என்ஜினை, பாரம் இழுத்து வந்தவுடன் அணைக்காமல், இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ரேடியேட்டரைத் துடைக்கவும், டிப் ஸ்டிக்கைப் பார்க்கவும் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கும் விவசாயிகளில் பலருக்குக் கூலர் வாங்கும் தேவையே வராது.