எலிக்கும் மூச்சு முக்கியம்!

"வீட்டுல எலிப்பொறி வைக்கிறீங்க. ஆபீஸ்ல போய் எலிக்கு ஆக்ஸிஜன் கொடுக்கறீங்க. உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

என் மனைவியின் நிரந்தரக் கேள்வி இது. புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை.

விஷயம் இதுதான். மயக்கம் கொடுத்த சுண்டெலியின் நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். தானாக மூச்சுவிட முடியாது. தொண்டை வழியே குழாய் செருகி, மெஷின் மூலம் காற்று கொடுக்க வேண்டும். 1543-லேயே வெசாலியஸ் என்ற டாக்டர், ஒரு மிருகத்தின் மூச்சுக்குழாயில் நாணலைச் செருகி ஊதினால் நுரையீரல் எழும்பும் என்று எழுதி வைத்தார். இன்றைய ஐ.சி.யூ. வெண்டிலேட்டருக்கு அது கொள்ளுத்தாத்தா!

ஆனால் சுண்டெலியின் எடையே சுமார் 25 கிராம். மூச்சுக்குழாயின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் தேறினால் அதிகம். ஒரு மூச்சுக்கு இழுக்கும் காற்று சுமார் 0.2 மில்லி. இதற்கு எங்கே போய்க் குழாய் வாங்குவது? நமக்கு டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்துவார்களே, அதே பிளாஸ்டிக் குழல்தான். 20 அல்லது 22 கேஜ். உள்ளே இருக்கும் ஊசியை உருவிவிட வேண்டும்.

எலியைச் சாய்வுப் பலகையில் மல்லாத்தி, மேல் முன்பல்லை நூலில் மாட்டி, நாக்கை மெள்ள ஒதுக்கி, கழுத்துக்கு வெளியிலிருந்து விளக்கடித்தால்... உள்ளே குரல்வளை அகல் விளக்கு மாதிரி ஒளிரும். மூச்சுக்கு மூச்சு கதவு திறந்து மூடும். திறக்கிற அந்த நொடியில் நுழைத்துவிட வேண்டும். தப்பி உணவுக்குழாய்க்குள் போனால் நெஞ்சுக்குப் பதில் வயிறு உப்பும். சரியாகப் போய்விட்டால் குழல் முனையில் காட்டிய கண்ணாடியில் ஆவி படியும். நெஞ்சின் இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்கும்.

முதல் தடவை நான் அவசரப்பட்டு நாலைந்து முறை கிளறினேன். தொண்டை வீங்கி எலி போய்விட்டது.

சீனியர் திட்டவில்லை. "இது செத்ததால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல தம்பி. இதுக்குப் பதிலா இன்னொண்ணு வரணும்" என்றார். திட்டியிருக்கலாம்.

மிருகங்களை வைத்துச் சோதனை செய்ய 1960-ம் வருடச் சட்டம், 1998-ம் வருட விதிகள், கமிட்டி அனுமதி எல்லாம் உண்டு. ஆனால் நடுங்கும் கைக்குச் சட்டம் என்ன செய்யும்? அப்புறம் பல நாள், ஏற்கெனவே இறந்துபோன எலிகளில் பழகிவிட்டுத்தான் உயிருள்ளதைத் தொட்டேன்.

இப்போதெல்லாம் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனால் முதல் கும்பிடு பிள்ளையாருக்கு இல்லை. அவர் வாகனத்துக்கு!

"ஸாரி சார்!"