பூட்டை மாற்றிவிட்டுப் போகும் திருடன்

2022 டிசம்பர். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. 10ஆம் வகுப்பு அறிவியலுக்கு நான் தயாரித்திருந்த பயிற்சித்தாள்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கான மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியது. ‘முழுப் பதிப்பு இலவசம்’ என்று ஒரு தளத்தில் பார்த்துத் தரவிறக்கினேன். ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்’ என்று ஒரு குறிப்பும் கூடவே இருந்தது. மாணவனிடம் ஆயிரம் கேள்வி கேட்கும் நான், அந்தக் குறிப்பை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நிறுத்தினேன், நிறுவினேன்.

மென்பொருள் திறக்கவில்லை. சற்று நேரத்தில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுவதுபோல ஒரு சாளரம் வந்தது. நல்லதுதானே என்று சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாக் கோப்புகளின் படக்குறிகளும் வெள்ளைத் தாளாக மாறியிருந்தன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற 4 எழுத்துகள். ஒவ்வொரு கோப்புறையிலும் ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஒரு கடிதம். திறந்தால், ‘உங்கள் கோப்புகளைத் திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை’. 980 டாலர் என்றால் அன்றைக்குச் சுமார் 80,000 ரூபாய்.

எனக்கு நேர்ந்தது சக ஆசிரியர்கள் யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரான்சம்வேர் என்பது என்ன?

சாதாரணத் திருடன் பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போவான். இந்தத் திருடன் எதையும் எடுத்துப் போக வேண்டியதில்லை. நம் பீரோவுக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவிக்கு விலை பேசுகிறான். கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அவற்றை நம்மால் படிக்க முடியாது.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1989இல், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் தபாலில் அனுப்பப்பட்ட நெகிழ்வட்டுகளில் இத்தகைய நிரல் இருந்தது. பனாமா நாட்டிலுள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. இன்று பணத்தைக் கிரிப்டோ நாணயத்தில் கேட்கிறார்கள் என்பதே பெரிய வேறுபாடு.

என் கணினியைப் பிடித்தது ‘ஸ்டாப் டிஜேவியு’ என்ற வகை. பெரிய நிறுவனங்களைவிட வீட்டுக் கணினிகளையே இது குறிவைக்கிறது. விலைக்கு விற்கும் மென்பொருள்களின் திருட்டுப் பதிப்புகள் வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது. நான் பார்த்த ‘விண்டோஸ் புதுப்பிப்பு’ச் சாளரமும் போலிதான். அது ஓடுவதாகக் காட்டிய நேரத்தில்தான் என் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

எப்படி அடையாளம் காண்பது?

நன்றாக இருந்த கோப்புகள் திடீரெனத் திறக்காமல் போவது, பெயர்களின் முடிவில் புதிய எழுத்துகள் ஒட்டிக்கொள்வது, பணம் கேட்கும் கடிதம் காணப்படுவது ஆகிய மூன்றும் தெளிவான அறிகுறிகள். அதற்கு முன்பே சில தடயங்கள் தெரியலாம். நாம் எதுவும் செய்யாதபோதும் கணினி மிக மெதுவாகும். வன்தட்டு விளக்கு ஓயாமல் மின்னும். ஆன்டிவைரஸ் தானாக நின்றிருக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். “சார், முதல்ல நெட்டைப் பிடுங்குங்க. செருகியிருக்கிற எல்லாத்தையும் எடுங்க. அப்புறம் பேசலாம்” என்றார்.

அந்த வரிசையே சரியானது. இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பென் டிரைவ், வெளி வன்தட்டு ஆகியவற்றை அகற்றுங்கள். கண்ணெதிரே கோப்புகள் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் கணினியையே நிறுத்திவிடுங்கள். மிரட்டல் கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதை அழிக்காதீர்கள். எந்த வகை ரான்சம்வேர் என்று கண்டறிய அது தேவைப்படும். பதற்றத்தில் உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். சேதமடையாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, எமிஸ் கடவுச்சொற்களை மாற்றுங்கள். இவ்வகை நிரல்கள் கடவுச்சொல் திருடும் நிரலையும் உடன் அழைத்து வருவதுண்டு.

நீக்குவது வேறு, மீட்பது வேறு

நான் மட்டுமல்ல, பலரும் குழம்பும் இடம் இது. ஆன்டிவைரஸ் கொண்டு தீநிரலை நீக்கிவிடலாம். பூட்டியவனைப் பிடித்து வெளியே தள்ளினாலும் பூட்டு அப்படியேதான் இருக்கும். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்ற முறையில் இது இயங்குகிறது. திறக்கும் சாவி நம் கணினிக்குள் வருவதே இல்லை.

எனவே முதலில் பூட்டப்பட்ட முக்கியக் கோப்புகளையும் கடிதத்தையும் தனியே ஒரு வன்தட்டில் நகலெடுத்து வையுங்கள். பிறகு கணினியை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பானது.

மீட்புக்கு ஒரு நம்பகமான வழி உண்டு. 2016இல் நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து ‘நோ மோர் ரான்சம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கின. பூட்டப்பட்ட கோப்பையும் மிரட்டல் கடிதத்தையும் அதில் பதிவேற்றினால், எந்த வகை என்று சொல்லும். இலவசமாகத் திறக்கும் கருவி இருந்தால் தரும். எனக்கு வந்த வகைக்கும் ஒரு கருவி உண்டு. ஆனால் பூட்டும் நேரத்தில் கணினியால் குற்றவாளிகளின் சர்வரோடு தொடர்புகொள்ள முடியாமல், நிரலுக்குள்ளேயே இருந்த பொதுச் சாவி பயன்பட்டிருந்தால்தான் அதற்கு வாய்ப்பு. என் வீட்டு இணையம் அன்று நன்றாகவே வேலை செய்தது. அதனால் என் கோப்புகள் திறக்கவில்லை.

‘பணம் கொடுத்தால் கிடைத்துவிடாதா?’ என்று வீட்டில் கேட்டார்கள். நானும் ஓர் இரவு முழுக்க யோசித்தேன். பணம் வாங்கியவன் சாவியைத் தருவான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மேலும் கேட்கலாம். நான் கொடுக்கும் ரூபாய் அடுத்த வீட்டைப் பூட்டவே பயன்படும். கொடுக்கவில்லை. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலோ, தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ புகார் அளிக்கலாம்.

என் உண்மையான தவறு

திருட்டு மென்பொருளை நிறுவியது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. என்னிடம் எல்லாவற்றுக்கும் நகல் இருந்தது, வெளி வன்தட்டில். ஆனால் அந்த வன்தட்டு மாதக்கணக்கில் கணினியில் செருகியபடியே இருந்தது. அதையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள்.

வினாத்தாள்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தன. எப்போதோ வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவற்றைச் சக ஆசிரியர்கள் தேடி எடுத்து அனுப்பினார்கள். அறிவியல் கண்காட்சிப் படங்கள் மட்டும் வரவில்லை. சென்ற ஆண்டு ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். 8ஆம் வகுப்போடு நின்று வேலைக்குப் போய்விட்ட அவருடைய மகன், கண்காட்சியில் பரிசு வாங்கிய படம் வேண்டுமென்றார். “நீங்கதானே சார் படம் எடுத்தீங்க?” என்றார். ஆமாம், நான்தான் எடுத்தேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

வருமுன் காக்க

முதலாவது, 3-2-1 விதி. முக்கியமானவற்றுக்கு 3 பிரதிகள். 2 வேறுபட்ட ஊடகங்களில். அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. வன்தட்டில் நகலெடுத்த மறுநிமிடம் கழற்றி அலமாரியில் வையுங்கள். கூகுள் டிரைவ் போன்றவை தானாக ஒத்திசைப்பதால், பூட்டப்பட்ட கோப்பும் அங்கே போய்ச் சேரலாம். பதிவேற்றிய கோப்புகளின் முந்தைய வடிவங்களை அது 30 நாள்வரை வைத்திருக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, திருட்டுப் பதிப்புகளும் விண்டோஸை ‘இலவசமாக ஆக்டிவேட்’ செய்யும் கருவிகளும் வேண்டாம். லிப்ரே ஆபீஸ் போன்ற தரமான மென்பொருள்கள் முறைப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. ‘ஆன்டிவைரஸை நிறுத்து’ என்று எது சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

நான்காவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ பகுதிக்குப் போய் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ வசதியை இயக்குங்கள். அறிமுகமற்ற நிரல்கள் உங்கள் கோப்புகளை மாற்றுவதை அது தடுக்கும். கோப்புகளின் பின்னொட்டு தெரியும்படியும் அமைத்துக்கொள்ளுங்கள். ‘சுற்றறிக்கை’ என்ற பெயரில் வரும் மின்னஞ்சல் இணைப்பு ‘இஎக்ஸ்இ’ என்று முடிந்தால் அது சுற்றறிக்கை அல்ல.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை நகலெடுக்கும் நாள். வேலை முடிந்ததும் வன்தட்டைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது என் மகளின் பொறுப்பு. இதைப் படித்து முடித்ததும், உங்கள் வன்தட்டு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கணினியில் செருகியபடி இருந்தால், தயவுசெய்து இப்போதே கழற்றிவிடுங்கள்.