நாக்கை நீட்டினால் ஏறும் கட்டி

"நாக்கை நல்லா வெளியே நீட்டும்மா" என்றால் பலரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கட்டி கழுத்தில், டாக்டர் நாக்கைக் கேட்கிறாரே! நீட்டியதும் தொண்டை நடுவிலுள்ள உருண்டை என் விரலுக்கடியில் மேலே ஏறும். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கருவின் நாலாவது வாரத்தில் நாக்கின் அடியில் தோன்றும் தைராய்டு, ஏழாவது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்குகிறது. வந்த வழி வாய்க்கால் போலத் தூர்ந்துபோக வேண்டும். தூராமல் மிஞ்சிய இடத்தில் நீர் கோத்தால் அதுதான் 'தைரோகுளோசல் சிஸ்ட்'. பிறவிக் கட்டிதான், ஆனால் நாற்பது வயதில் சளி பிடித்த கையோடு முதல்முறையாக வீங்குவதும் உண்டு.

அந்தக் கட்டியின் சுவரில் தைராய்டுத் திசு ஒட்டியிருந்தால் தைராய்டுப் புற்றும் அங்கே வரலாம். நூற்றில் ஒருவருக்குத்தான். பெரும்பாலும் மெதுவாக வளரும் 'பாப்பிலரி' வகை.

கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். 1920இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சிஸ்ட்ரங்க் எழுதிய முறையைத்தான் இன்றும் செய்கிறோம்: கட்டியோடு, கழுத்திலுள்ள ஹையாய்டு எலும்பின் நடுத்துண்டும், நாக்கின் அடிவரை போகும் பாதையும் சேர்ந்து வெளியே வரும். எலும்பையா என்று பதறுவார்கள். பேச்சும் விழுங்குவதும் பழையபடி இருக்கும்.

கத்தி வைக்கும் முன் ஸ்கேன் பார்த்தே தீருவேன். சிலருக்கு உடம்பிலுள்ள மொத்தத் தைராய்டும் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கும்! கட்டிக்குள் கெட்டியான பகுதியோ சுண்ணாம்புப் புள்ளிகளோ தெரிந்தால் ஊசி போட்டுப் பார்ப்போம். ஊசியில் வெறும் நீர் வந்து, புற்று தப்பிவிடுவதும் உண்டு. அதனால்தான் எடுத்த கட்டி பயாப்ஸிக்குப் போகாமல் விடமாட்டேன்.

இட்லிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு அப்படித்தான் தெரிந்தது: சுவருக்குள் சின்னப் புற்று, சுற்று ஓரம் சுத்தம். ஸ்கேனில் தைராய்டிலும் நெறிகளிலும் ஒன்றுமில்லை.

"தைராய்டையும் எடுத்துருங்க சார், நிம்மதியா இருக்கும்."

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்தில்லை. தைராய்டிலும் முடிச்சு இருந்தாலோ, நெறிகளுக்குப் பரவியிருந்தாலோ நானே எடுக்கச் சொல்வேன். தேவைப்பட்டால் கதிரியக்க அயோடினும் தருவோம். இவருக்கு அவசியமில்லை என்றேன். எடுத்தால் ஆயுசுக்கும் தினம் வெறும் வயிற்றில் மாத்திரை.

"விடிகாலையில மொத டீயே மாவுச் சட்டி பக்கத்துல நின்னுதான் சார்" என்று யோசித்தவர், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.