நிலம் பொறுக்குமா?

பொறையுடைமை அதிகாரம் அன்றைய பாடம். பொறுமைக்கு நிலத்தை உவமையாக்கிய குறளுக்குப் பொருள் விரித்துக்கொண்டிருந்தேன். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். “ஐயா, எங்கள் லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண் பொறுக்கவில்லையே! சுவரில் விரல் நுழையும் வெடிப்பு” என்றாள். உரையாசிரியர் எவரும் எனக்குக் கைகொடுத்திலர். மணியடித்தது, தப்பினேன்.

தப்பியது வகுப்பிலிருந்து மட்டுமே. 2025 நவம்பர் 22ஆம் நாள், கொழும்பு - கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவையிலே கடையொன்றின்மேல் மலை சரிந்தது. அம்மாத இறுதியில் வந்த டித்வா புயலிலோ நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியே மிகுதியான உயிர்களை இழந்தது.

சரிவிலே மண்ணை நிறுத்தி வைத்திருப்பவை துகள்களின் உராய்வும் வேர்களின் பிணைப்புமே. நாட்கணக்காக மழை இறங்கினால் இடைவெளிகளில் நீர் நிரம்பி அவ்வுராய்வைக் குலைத்துவிடுகின்றது. வீடு கட்டுவதற்கென அடிப்பகுதியைச் செங்குத்தாக வெட்டிவிட்டாற் சொல்ல வேண்டுவதில்லை. வெட்டியவன் வீட்டின்மேலேயே அது விழும். பனிமலைகளிலும் இதனை ஒத்ததொன்று உண்டு. ஆள் நடமாட்டமற்ற சரிவுகளிற் பனிச்சறுக்கு ஆடச் சென்று பனிச்சரிவில் மாள்வோருட் பெரும்பாலோர், தாமோ தம் தோழரோ கால்பட்டுக் கிளப்பிய சரிவிலேயே புதையுண்கின்றனர். ஆயினும் அவர்கள் விளையாட்டுக்காகச் செல்வோர், செல்லாமலும் இருக்கலாம். நம்மவர் படுத்துறங்கும் இடமே சரிவு.

மலை முன்னரே சொல்லத்தான் செய்கிறது. நிலத்திலும் சுவரிலும் வெடிப்புத் தோன்றும். மரமும் மின்கம்பமும் சாயும். தெளிந்த ஊற்றுக் கலங்கும், அன்றேல் திடீரென நின்றுபோகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அளவு வகுத்துள்ளது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 ஆனால் ஆயத்தமாக வேண்டும்; 150 ஆனால் வெளியேற வேண்டும். அளப்பதற்கு அரிய கருவியும் வேண்டா. நேர்ச்சுவருள்ள பாத்திரமும் அடிமட்டமும் போதும்.

வெளியேறி எங்கே போவது? அதுவன்றோ கேள்வி! கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் அபாயம் அறிவிக்கப்பட்டது. மாற்றிடம் கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. ‘சொல்லியும் கேளாதவர்கள்’ என்று கண்டி நகரில் கல்வீட்டிலிருந்து பேசுவோரை நான் அறிவேன். ஒரு காலத்தில் நானும் அவ்வாறு பேசியவனே. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் ஒரு பேர்ச் நிலம் தமதென்றில்லாதவர், எந்தக் கதவைத் தட்டுவர்?

அம்மாணவி இப்போது முற்றத்தில் மழை அளக்கின்றாள். சென்ற வாரம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். 41, 67, 112 என்று மூன்று நாட் கணக்கு. மூன்றாவதற்கு எதிரே, “அம்மாவும் தம்பியும் நானும் கோயில் மண்டபத்தில் படுத்தோம். அப்பா சாமான்களுக்குக் காவலாக லயத்தில்” என்று எழுதியிருந்தாள்.