கணிதக் கல்வியில் சிக்கல் தீர்த்தல்

கணிதக் கல்வியில் சிக்கல் தீர்த்தல் என்பது, தீர்க்கும் வழி முன்னரே காட்டப்படாத ஒரு கணக்கிற்கு, மாணவர் தாம் அறிந்த கணிதத்தைக் கொண்டு தாமே வழி கண்டு விடையை அடையும் செயல் ஆகும். கற்பித்த முறையை அவ்வாறே கையாளும் பயிற்சிக் கணக்கிலிருந்து இது வேறுபட்டது. ஒருவருக்குச் சிக்கலாக அமையும் கணக்கு, அதன் வழியை அறிந்த மற்றொருவருக்கு வெறும் பயிற்சியாகவே இருக்கும்.

போல்யாவின் நான்கு படிகள்

அங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா (1887–1985), 1945 இல் வெளியிட்ட 'ஹௌ டு சால்வ் இட்' என்னும் நூலில் இச்செயலை நான்கு படிகளாகப் பிரித்தார். அவையாவன:

1. கணக்கைப் புரிந்துகொள்ளல்
2. திட்டம் வகுத்தல்
3. திட்டத்தை நிறைவேற்றல்
4. திரும்பிப் பார்த்தல்

எடுத்துக்காட்டு

பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் ஒரு முறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்கள் நிகழும்? சிறிய எண்களில் தொடங்குவது ஒரு திட்டம் ஆகும். இருவருக்கு 1, மூவருக்கு 3, நால்வருக்கு 6, ஐவருக்கு 10 என வருகிறது. ஒவ்வொரு புதியவரும் முன்பிருந்த அனைவரோடும் கைகுலுக்குவதால், பத்துப் பேருக்கு 1 முதல் 9 வரையிலான எண்களின் கூட்டுத்தொகையான 45 கிடைக்கும். திரும்பிப் பார்க்கையில் வேறொரு வழியும் புலப்படும். ஒவ்வொருவரும் 9 பேரோடு கைகுலுக்க 90 வரும். ஒவ்வொன்றும் இரு முறை எண்ணப்பட்டதால் அதில் பாதி 45 ஆகும்.

பேருந்துக் கணக்கு

நான்காம் படி பெரும்பாலும் கைவிடப்படுகிறது. அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு நடத்தப்பட்ட தேசிய மதிப்பீட்டில், 36 பேர் அமரக்கூடிய பேருந்துகளில் 1128 படைவீரர்களை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்துகள் தேவை எனக் கேட்கப்பட்டது. சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தனர். ஆயினும் 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்றும், 18 விழுக்காட்டினர் 31 என்றும் விடையளித்தனர். சரியான விடையான 32 ஐ எழுதியோர் 23 விழுக்காட்டினரே. மீதியுள்ள 12 வீரர்களுக்கும் ஒரு பேருந்து வேண்டும் என்பதைப் பலர் எண்ணவில்லை. கணிப்பில் தேர்ச்சி பெறுவது மட்டும் சிக்கல் தீர்க்கும் திறன் ஆகாது என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

வகுப்பறையில்

நான்கு படிகளை மனப்பாடம் செய்விப்பதால் அவை மற்றொரு சூத்திரமாகிவிடும். ஆலன் சோன்பெல்டு 1985 இல் வெளியிட்ட நூலில், உத்திகளை அறிவதோடு, செல்லும் வழி பயன் தருகிறதா எனத் தம்மைத்தாமே கண்காணிப்பதும், கணிதத்தைப் பற்றி மாணவர் கொண்டுள்ள நம்பிக்கையும் முதன்மையானவை என விளக்கினார். எந்தக் கணக்கும் சில நிமிடங்களில் முடியவேண்டும் என நம்பும் மாணவர் விரைவில் முயற்சியைக் கைவிடுவர்.

ஆசிரியர் முழுவதும் உதவினால் மாணவருக்குச் செய்ய ஏதும் இராது. உதவாதிருந்தால் முன்னேற்றம் இராது. எனவே வழியைக் கூறாமல், "தெரியாதது எது?", "இதனை ஒத்த எளிய கணக்கு உண்டா?", "இவ்விடை பொருந்துகிறதா?" போன்ற வினாக்களை எழுப்புவது பரிந்துரைக்கப்படுகிறது. நாளடைவில் மாணவர் இவ்வினாக்களைத் தாமே கேட்கப் பழகுவதே இம்முறையின் நோக்கம் ஆகும்.