சிறு காயமும் பெரு நோயும்



வத்தளையில் எங்கள் அயலில் வாழும் அம்மையார் ஒருவருக்குப் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டது. வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியாகவே சத்திரசிகிச்சை செய்தார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கச் சென்றபோது, “தம்பி, வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளில். நோய் அங்கேயும் பரவிவிட்டதோ?” என்று தணிந்த குரலிற் கேட்டார்.

அந்த வலிக்குக் காரணம் நோயன்று. இம்முறையில் ஒரு துளையினூடாகக் கமராக் குழாயைச் செலுத்துவர். உள்ளே இடம் உண்டாவதற்காகக் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்புவர். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகட்டை அது உறுத்துகிறது. அத்தகட்டுக்குச் செல்லும் நரம்பும் தோளின் நரம்புகளும் கழுத்தில் ஒரே பகுதியிலிருந்து புறப்படுவதால், தோளே வலிப்பதாக மூளை கொள்கிறது. பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும்; மூச்சுத்திணறலோ காய்ச்சலோ சேர்ந்தால் மட்டும் உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். இதை முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால், அம்மையார் இரண்டு இரவுகள் உறங்காது கிடந்திருக்க மாட்டார்!

வீடு திரும்பியபின் வேறொரு தொல்லை. “தழும்பு இவ்வளவுதானா?” என்று வியந்த உறவினர், நோயும் அவ்வளவே என்று எண்ணிவிட்டனர். அவரும் தண்ணீர் வாளியைத் தூக்கப் போனார். உள்ளே குடலை வெட்டி இணைத்த வேலை, பெரிய வெட்டினூடாகச் செய்வதற்குச் சற்றும் குறைந்ததன்று. மேலும், அகற்றிய நிணநீர்க் கணுக்களின் பரிசோதனை அறிக்கை வரும்வரை, மஹரகம வைத்தியசாலையில் மருந்துச் சிகிச்சை தொடர வேண்டுமா என்பதும் தெரியாது. காயம் ஆறிய பின்பும் ஆறாத நாட்கள் அவை.

துளைவழிச் சிகிச்சை புற்றுநோய்க்கு ஏற்றதா என்ற ஐயம் மருத்துவர்களுக்கே இருந்தது. துளையிட்ட இடங்களில் நோய் மீண்டும் முளைத்த செய்திகள் 1990களில் அவர்களைக் கலங்கச் செய்தன. 872 பெருங்குடற் புற்றுநோயாளரை ஆராய்ந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இரு முறைகளிலும் நோய் மீளும் அளவு ஏறக்குறைய ஒன்றே எனக் கண்டது. ஆனால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் விடை மாறிற்று. 631 பெண்களைக் கொண்ட, 2018இல் வெளியான ஆய்வில், நாலரை ஆண்டின் பின் நோயின்றி வாழ்ந்தோர் பெரிய வெட்டு முறையில் நூற்றுக்கு 96.5, துளை முறையில் 86 மட்டுமே.

ஆகையால், சத்திரசிகிச்சைக்கு இசையுமுன் தழும்பின் நீளத்தை மட்டும் கேட்க வேண்டாம். “ஐயா, என் நோய்க்கு, இந்த உறுப்பிலே, இரண்டு முறையும் ஒரே பலன் தருமா?” என்று கேளுங்கள்.